டேட்டாபேஸில் விலை மாறியபின்னும் ரெடிஸ் பழைய விலையைக் காட்டுவது ஏன்?

பொருள்களின் விலை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருக்கிறது, வேகத்துக்காக, தரவை நினைவகத்திலேயே வைத்துத் தரும் ரெடிஸில் ஒரு நகல் வைத்திருக்கிறீர்கள், விலை மாறும்போது இரண்டிலும் எழுதுகிறீர்கள், ஆனாலும் எப்போதாவது பழைய விலை வருகிறது என்கிறீர்கள்.

இரண்டிலும் எழுதுவதால்தான் வருகிறது. ஒரே பொருளுக்கு ஒருவர் 450 என்றும், அடுத்த நொடியே இன்னொருவர் 480 என்றும் மாற்றுகிறார்கள். டேட்டாபேஸ் வரிசையாக வாங்கி 480இல் நிற்கும். முதலாமவரின் ரெடிஸ் கோரிக்கை நெட்வொர்க்கில் தாமதித்துக் கடைசியாக வந்தால், அங்கே 450 உட்கார்ந்துகொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது, வாடிக்கையாளர்தான் கண்டுபிடித்துச் சொல்வார்.

அதனால் கேஷில் (ரெடிஸில் உள்ள அந்த நகலில்) எழுதாதீர்கள், அழியுங்கள். டேட்டாபேஸில் டிரான்சாக்ஷன் கமிட் ஆனதும் (மாற்றம் உறுதியாகப் பதிந்ததும்) ரெடிஸில் அந்த விலைக்கான கீயை, அதாவது அந்தப் பதிவை, நீக்கிவிட்டால், அடுத்துக் கேட்பவர் டேட்டாபேஸிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்வார். நீக்கும் கட்டளை இரண்டு தடவை போனாலும் கெடுதல் இல்லை. கமிட்டுக்கு முன்னால் மட்டும் நீக்கக் கூடாது; அந்த இடைவெளியில் யாராவது பழையதையே எடுத்து நிரப்பிவிடுவார்கள்.

சரி, இதிலும் ஓர் ஓட்டை உண்டு. கேஷில் விலை இல்லாததால் ஒருவர் டேட்டாபேஸில் 450ஐப் படிக்கிறார். அவர் அதை ரெடிஸில் வைப்பதற்குள் விலை 480 ஆகி, கீயும் நீக்கப்படுகிறது. அப்புறம் அவர் சாவகாசமாக 450ஐ வைக்கிறார். ஃபேஸ்புக் பொறியாளர்கள் மெம்கேஷ் என்ற தங்கள் கேஷ் அமைப்பைப் பற்றி 2013இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு வழி சொல்கிறார்கள்: கீ இல்லை என்று சொல்லும்போதே கேஷ் ஒரு டோக்கனும் தரும், நடுவில் நீக்கம் வந்தால் டோக்கன் செல்லாது, எழுதவும் விடாது. ரெடிஸுக்குள்ளேயே ஓடும் சின்ன லுவா ஸ்கிரிப்டால் இதைச் செய்துகொள்ளலாம். விலைப்பட்டியலுக்கு இவ்வளவு தேவையில்லை, ஐந்து நிமிட டிடிஎல் (அந்த நேரம் கழிந்ததும் கீ தானாக அழிந்துவிடும்) போதும் என்பது என் கருத்து.

கமிட் முடிந்து, நீக்குவதற்குள் சர்வர் விழுந்துவிட்டால்? நீக்கும் வேலையை அப்ளிகேஷனிடம் விடாமல் மைஎஸ்க்யூஎல் தன் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் பின்லாகைப் படித்துச் செய்வது நல்லது. பின்லாகைப் படித்து மாற்றங்களைச் சொல்லும் டெபீசியம் என்ற கருவி இதற்கு உதவும். யாராவது நள்ளிரவில் கையால் ஓர் அப்டேட் கட்டளை ஓட்டினாலும் (எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்) அதுவும் பின்லாகில் பதிவாகிவிடும். நீக்கச் சொல்லும் செய்தியை ரெடிஸ் பப்-சப் (அப்போது கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்பும் வசதி) வழியாக அனுப்பினால் கவனம்: அந்த நேரத்தில் இணைப்பு அறுந்திருந்தவருக்கு அது பிறகும் போய்ச் சேராது.

ரீட் ரெப்ளிகா (படிப்பதற்கு மட்டுமான டேட்டாபேஸ் நகல்) வைத்திருந்தால், கேஷை அதிலிருந்து நிரப்பாதீர்கள். ரெப்ளிகா ஒரு நொடி பின்தங்கினாலும், நீக்கிய பழைய விலை திரும்பி வந்துவிடும்.

பில் போடும் இடத்தில் மட்டும் கேஷைத் தொடவே வேண்டாம். நேராக டேட்டாபேஸில் விலையைப் படியுங்கள், அதுவும் ஆர்டரைப் பதியும் அதே டிரான்சாக்ஷனுக்குள்.