துணைவேந்தர் ஆக எந்தக் காலேஜில் சேர்க்கணும்?

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை காபித்தூள் பொட்டலத்தை மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தீர்கள். அரை மணி நேரத்தில் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டீர்கள்: “சார், பாப்பா லா படிச்சு யுனிவர்சிட்டிக்கே தலைவராகணும்னு சொல்றா. அதுக்கு எந்தக் காலேஜ்ல சேர்க்கணும்?” வெளியே இரண்டு குடும்பம் காத்திருந்தது. நானும் ஏதோ அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் படித்துவிட்டுப் பாப்பாவிடம் கொடுங்கள். தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டுங்கள்; உங்களைவிட அவருக்குத்தான் பயம் அதிகம் என்று எனக்குப் பட்டது.

பாப்பா பேச்சுப் போட்டிக்கு எழுதிய தாளை விட்டுவிட்டுப் போனீர்கள். இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாள். லீ பொலிங்கர் என்ற அமெரிக்கர், நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு 2002 முதல் 2023 வரை தலைவர், சட்டம் படித்தவர். அந்த 21 வருஷத்துக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். அதற்கு முந்தைய முப்பது வருஷத்துக்கு இரண்டே வரி: ‘சட்டம் படித்தார். பின்பு படிப்படியாக உயர்ந்தார்.’ அந்தப் ‘படிப்படியாக’ என்ற ஒரு சொல்லுக்குள்தான் உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். அங்கே ‘பிரசிடென்ட்’ என்பது நம் ஊர்க் கணக்கில் துணைவேந்தர். கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகத்தைத் தினமும் நடத்துகிற நாற்காலி எதுவோ, அதுதான். வேந்தர் பட்டமளிப்பு விழாவுக்கு வருவார்; கோப்பு, சம்பளம், போராட்டம், தேர்வுக் குளறுபடி எல்லாம் துணைவேந்தர் தலையில். அந்தத் துணைவேந்தரை யார் நியமிப்பது என்பதிலேயே நம் மாநில அரசுக்கும் ஆளுநருக்கும் தகராறு வந்து, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போனது. சட்டம் தெரிந்தவர்களுக்கு அந்த வளாகத்தில் ஏன் மதிப்பு என்று இதிலேயே தெரியும்.

சரி, பொலிங்கருக்கு வருவோம். 1946-இல் பிறந்தவர். ஓரிகன் மாநிலத்தில் பேக்கர் என்ற சின்ன ஊரில் வளர்ந்தார். அப்பா அங்கே உள்ளூர்ப் பத்திரிகை நடத்தினார். பையன் பிறகு வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த விஷயம் பேச்சுரிமையும் பத்திரிகைச் சுதந்திரமும். 1971-இல் கொலம்பியாவிலேயே சட்டம் முடித்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வாரன் பர்கரிடம் உதவியாளராக இருந்தார். அங்கிருந்து பெரிய வக்கீல் கம்பெனிக்குப் போயிருந்தால் பணம் கொட்டியிருக்கும். அவர் 1973-இல் மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு வாத்தியாராகப் போனார். பதினான்கு வருஷம் பாடம் நடத்திய பிறகுதான், 1987-இல் அந்தக் கல்லூரிக்கு டீன், அதாவது முதல்வர். 1994-இல் டார்ட்மத் கல்லூரியில் தலைவருக்கு அடுத்த இடம். 1996-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கே தலைவராகத் தேர்வானார். அப்போது அவருக்கு வயது ஐம்பது.

அங்கேதான் அவர் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறியது. இடம் கிடைக்காத வெள்ளைக்கார விண்ணப்பதாரர்கள், சிறுபான்மை இனத்தவருக்குச் சலுகை தருகிறது என்று 1997-இல் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். தலைவர் என்பதால் எதிராளி பெயர் பொலிங்கர். 2003 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலிருந்து இரண்டு தீர்ப்பு வந்தது. இளநிலைச் சேர்க்கையில் 150 புள்ளிக் கணக்கில் சிறுபான்மையினருக்கு அப்படியே 20 புள்ளி தூக்கிக் கொடுத்தது செல்லாது. ஆனால் சட்டக் கல்லூரி ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே பார்த்து, அதில் இனத்தையும் ஓர் அம்சமாக எடுத்துக்கொண்டது செல்லும். இரண்டாவது தீர்ப்பு ஐந்துக்கு நான்கு என்று நூலிழையில் வந்தது. இருபது வருஷம் கழித்து, 2023 ஜூன் 29-இல், அதே நீதிமன்றம் அந்த வழியையும் ஏறக்குறைய அடைத்துவிட்டது. மறுநாள்தான் கொலம்பியாவில் பொலிங்கரின் பதவிக்காலத்தின் கடைசி நாள். அறுபத்தொன்பது சதவீத இட ஒதுக்கீடு என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாப்பாவின் பேச்சில் இது இல்லை; சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது கணக்கு. ஹார்வர்ட் தலைவராக 1971 முதல் 1991 வரை இருந்த டெரெக் பாக்கும் சட்ட வாத்தியார்தான், தொழிலாளர் சட்டம் நடத்தியவர். 1958-இல் பாடம் நடத்த ஆரம்பித்து, பத்து வருஷம் கழித்து டீன், அப்புறம் மூன்று வருஷத்தில் தலைவர். வயது நாற்பத்தொன்று. ரொம்பச் சீக்கிரம் என்று சொல்லத்தக்க உதாரணமே அதுதான்.

பாக் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் தாண்ட முடியாது. 1969-இல் அங்கே மாணவர் போராட்டம் கொதித்தது. ஏப்ரலில் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டபோது, அப்போதைய தலைவர் போலீஸை உள்ளே விட்டார். தடியடி. அந்தக் காயம் ஆறவே இல்லை, அவரும் 1971-இல் விலகினார். அதே காலத்தில் சட்டக் கல்லூரி நூலகத்திலும் மாணவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். டீன் பாக் அங்கே காபியும் டோனட்டும் வாங்கிக்கொண்டு போய், அவர்களோடு உட்கார்ந்து பேசினார். அடுத்த தலைவரைத் தேடியபோது பாக்கின் பெயர் மேலே வந்ததில் ஆச்சரியம் இல்லை. உங்கள் தோட்டத்துக் காபியை வைத்துக்கொண்டு இதை எழுதுவதால் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் எப்படி? பழைய காலத்தில் பெரிய வக்கீல்கள் நேராகவே அந்த நாற்காலிக்குப் போனார்கள். பி.எஸ். சிவசாமி அய்யர் மெட்ராஸ் மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். 1916 முதல் 1918 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். சி.பி. ராமசாமி அய்யர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் இருந்தார். அந்த வழி இப்போது அநேகமாக மூடிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, துணைவேந்தராகப் பேராசிரியர் நிலையில் பத்து வருஷம் இருந்திருக்க வேண்டும், அல்லது பெயர்பெற்ற ஆய்வு, கல்வி நிர்வாக அமைப்பில் பத்து வருஷ அனுபவம் வேண்டும். பேராசிரியர் ஆகவே பிஎச்.டி.யும் பத்து வருஷ அனுபவமும் கேட்பார்கள். பாப்பாவுக்கு இப்போது பதினாறு. பி.ஏ. எல்எல்.பி. முடிக்க இருபத்திரண்டு, முதுநிலையும், கல்லூரி ஆசிரியராகத் தகுதி தரும் நெட் தேர்வும் முடிய இருபத்துநான்கு, இருபத்தைந்து. அதன்மேல் இந்த இரண்டு பத்தையும் கூட்டிப் பாருங்கள். பொலிங்கரின் ஐம்பதுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

இந்த வழியில் போனவர்களில் பாப்பா தெரிந்துகொள்ள வேண்டியவர் என்.ஆர். மாதவ மேனன். 1935-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 1956-இல் கேரளத்தில் வக்கீலாகப் பதிவு செய்தார். பிறகு அலிகாரில் மேல்படிப்பு, டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை. 1986-இல் பெங்களூரில் தேசியச் சட்டப் பள்ளியை நிறுவும் பொறுப்பு வந்தபோது வயது ஐம்பத்தொன்று. பிளஸ் டூ முடித்ததும் நேராக ஐந்து வருஷச் சட்டப் படிப்பு என்பதை இந்தியாவில் வேரூன்றச் செய்தது அந்தப் பள்ளிதான். முதல் வகுப்பு 1988-இல் ஆரம்பித்தது. அங்கே பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, கல்கத்தாவில் இன்னொரு சட்டப் பல்கலைக்கழகம், அப்புறம் போபாலில் நீதிபதிகளுக்கான அகாடமி. 2019-இல் இறந்தார். பாப்பா நாளை ஐந்து வருஷப் படிப்பில் உட்கார்ந்தால் அது அவர் போட்ட பெஞ்சு.

இப்போது உங்கள் பயம். “ஏற்காடு பஸ் அஸ்தம்பட்டியைத் தாண்டும்போதெல்லாம் கோர்ட் பக்கம் டீக்கடையில் கறுப்புக் கோட்டோட பசங்க நிக்கறாங்க சார், அதுக்கா இவ்ளோ படிப்பு?” என்றீர்கள். ஜூனியராக நிற்கிற முதல் சில வருஷம் கையில் காசு தங்காது, உண்மைதான். ஆனால் பாப்பா கேட்பது அந்த வழி இல்லை என்பதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. முழுநேரச் சம்பளத்தில் சட்டக் கல்லூரி ஆசிரியராக இருப்பவர் கோர்ட்டில் வாதாட முடியாது. வக்கீலாக இருப்பவர் பாடம் நடத்தலாம். அதுவும் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 1979-இல் போட்ட விதியே இருக்கிறது. ஆக, இருபத்தைந்து வயது வாக்கில் கோர்ட்டா, வகுப்பறையா என்று அவள் ஒரு பக்கம் போயாக வேண்டும். துணைவேந்தர் நாற்காலி வகுப்பறைப் பக்கம் இருக்கிறது. இந்த ஒன்றை அவளிடம் நேராகக் கேளுங்கள்: அந்த நாற்காலி கடைசிவரை கிடைக்காமலே போனாலும், முப்பது வருஷம் சட்டம் படித்துச் சட்டம் சொல்லிக்கொடுப்பது அவளுக்குப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் மேலே போகலாம். தலையைச் சொறிந்தால் இன்னும் ஆறு மாதம் பொறுங்கள்.

பல வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு தப்புச் செய்தேன். ஒரு பையன் வந்தான், வாய் திறந்தால் நிறுத்த மாட்டான். ‘இவன் வக்கீலாகப் பிறந்தவன்’ என்று அவன் அப்பாவிடம் அடித்துச் சொன்னேன். இரண்டாம் வருஷத்தில் படிப்பை விட்டுவிட்டான். நூறு பக்கத் தீர்ப்பை உட்கார்ந்து படிக்க அவனால் முடியவில்லை. பேச்சை வைத்து நான் எடை போட்டுவிட்டேன்.

பாப்பா விஷயத்தில் நான் பார்ப்பது வேறு. நீங்கள் போகிற போக்கில் சொன்ன கதைதான். பழம் பறிக்கிற சீசனில் சாயந்திரம் எடை போடும்போது, ஒரு அம்மா தன் சாக்கில் எடை குறைகிறது என்று சண்டை போட்டார். மேஸ்திரி கத்தினார். செக்ரோல், அதாவது கூலிக் கணக்கு நோட்டு எழுத உங்களுக்குத் துணையாக வந்த பாப்பா, வாயே திறக்காமல் மூன்று நாள் நோட்டைப் புரட்டினாள். சாக்கின் எடையைத் தராசில் ஒரு தடவை கழித்துவிட்டு, நோட்டில் இன்னொரு தடவை கழித்திருந்ததைக் கண்டுபிடித்தாள். மேஸ்திரி வேண்டுமென்று செய்யவில்லை என்பதையும் அவளேதான் அந்த அம்மாவிடம் சொன்னாள். நீங்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்கு அவள் மார்க் ஷீட்டைவிட இது பெரிதாகத் தெரிந்தது.

செய்ய வேண்டியது இப்போதைக்குக் கொஞ்சம்தான். அவள் எடுத்திருக்கிற குரூப்பை மாற்ற வேண்டாம். சட்டத்துக்கு எந்த குரூப்பும் ஆகும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் என்ற நுழைவுத் தேர்வு வழக்கமாக டிசம்பரில் நடக்கும்: இரண்டு மணி நேரம், 120 கேள்வி, தப்புக்குக் கால் மார்க் போகும். முழுக்க முழுக்க வாசிப்புத் தேர்வு. கணக்கும் கொஞ்சம் உண்டு. திருச்சியில் இருப்பது இந்த வழியில்தான். அங்கெல்லாம் கட்டணம் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் வரும், அதை மறைக்க மாட்டேன். இன்னொரு வழி, சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் மூலமாக அரசு சட்டக் கல்லூரி. நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மார்க்தான், கட்டணமும் குறைவு. சேலத்திலேயே 2019-இலிருந்து ஒன்று இருக்கிறது.

என் கருத்து கேட்டால், கிளாட் எழுதட்டும். நல்ல இடம் வந்தால் கடனைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம். வராவிட்டால் சேலம் கல்லூரியில் சேர்த்துவிடுங்கள். முதுநிலைக்கு மறுபடி ஒரு கிளாட் இருக்கிறது, அப்போது பெரிய இடத்துக்குப் போகலாம். ஆசிரியர் வேலைக்கு அந்த முதுநிலையையும் நெட்டையும் பிஎச்.டி.யையும்தான் பார்ப்பார்கள். வீட்டை அடமானம் வைத்து இளநிலைக்கே எல்லாவற்றையும் கொட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. கோச்சிங் சென்டரில் இப்போதே பணம் கட்டவும் வேண்டாம். ஒரு இங்கிலீஷ் பேப்பர் போடச் சொல்லுங்கள், தலையங்கத்தைத் தினமும் படித்து நான்கு வரியில் தமிழில் எழுதட்டும்.

அடுத்த ஞாயிறு அவளையும் கூட்டி வாருங்கள், காலை பஸ்ஸிலேயே வந்தால் கூட்டம் இருக்காது. பேச்சுப் போட்டித் தாள் என்னிடமே இருக்கிறது. அந்தச் செக்ரோல் நோட்டை மட்டும் தோட்டத்தில் கேட்டு எடுத்து வர முடியுமா பாருங்கள்.