ஜோதிடக் கேள்வி–பதில்: சூரியன் அதே இடத்துக்கு வரும் நேரம்

கேள்வி: என் அப்பா 18.5.1964 காலை 6.10க்கு மதுரையில் பிறந்தவர். ரிஷப லக்னம். 2024இல் அறுபது நிறைந்தபோது ஒரு ஜோதிடர் கையால் ஆண்டு ஜாதகம் கணித்து, "வருஷ லக்னம் விருச்சிகம், முந்தா ஏழில் இருக்கிறது, எச்சரிக்கை தேவை" என்று எழுதிக் கொடுத்தார். அப்பா பயந்து காசிப் பயணத்தையே கைவிட்டார். இப்போது ஜகந்நாத ஹோரா என்ற மென்பொருளில் நான் போட்டுப் பார்த்தால் கன்னி லக்னம் வருகிறது. வேறொரு செயலி 17ஆம் தேதி மாலையைக் காட்டுகிறது. எதை நம்புவது? — வாசகி, திருமங்கலம்

பதில்: கன்னிதான் அம்மா. அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஆண்டு ஜாதகம் என்பது பிறந்தபோது சூரியன் நின்ற பாகை, கலை (பாகையில் அறுபதில் ஒன்று), விகலைக்கே (கலையில் அறுபதில் ஒன்று) மறுபடி வந்து சேரும் கணத்துக்குப் போடுவது. உங்கள் அப்பாவுக்குச் சூரியன் ரிஷபத்தில் 4 பாகைக்குச் சற்று முன்னால் நிற்கிறார். அதே இடத்தை 2024இல் அவர் தொட்டது மே 18 பிற்பகல் 3.20 வாக்கில்.

அந்த ஜோதிடர் பழைய வாய்பாட்டை எடுத்திருப்பார். வாக்கிய முறையில் ஒரு வருடம் என்பது 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. மணிக்கணக்கில் 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 விநாடி. நட்சத்திரங்களை வைத்து இன்று அளந்தால் கிடைப்பது 6 மணி, 9 நிமிடம், 10 விநாடி. வருடத்துக்கு 3 நிமிடம் 20 விநாடிதானே என்று தோன்றும். அறுபது வருடத்தில் அது 3 மணி 20 நிமிடமாகிவிடுகிறது. பிற்பகல் 3.20 மாலை 6.40 ஆகி, நடுவில் துலாம் முழுவதும் உதித்து முடிந்து, விருச்சிகம் வந்து நிற்கிறது. நானும் முதல் பத்து வருடம் அந்த வாய்பாட்டில்தான் போட்டேன். சிறு பிள்ளைகளின் ஜாதகத்தில் பிழை கண்ணில் படாது, வயதானவர்களுக்குத்தான் பெரிதாகும். அப்படி நான் தப்பாகச் சொல்லி அனுப்பிய முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

17ஆம் தேதி மாலை காட்டும் செயலி சாயன முறையில் போகிறது. மேல்நாட்டு ஜோதிடத்தின் கணக்கு அது. வசந்த சம நாள் புள்ளியிலிருந்து அளப்பது. அந்த வருடம் நம்முடையதைவிட 20 நிமிடம் 24 விநாடி குறைவு. அறுபது வருடத்தில் 20 மணி 24 நிமிடம் முந்திவிடும். அவர்கள் முறைக்கு அது சரியே. அதை நம் தாஜிகப் (ஆண்டு ஜாதகம் பார்க்கும் முறை) பலனோடு சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி முந்தா. ஆண்டு ஜாதகத்தில் பார்க்கும் ஒரு கணக்குப் புள்ளி அது. ஜன்ம லக்னத்திலிருந்து வருடத்துக்கு ஒரு ராசி நகரும். அறுபதைப் பன்னிரண்டால் வகுத்தால் மீதி இல்லை. ஆகவே ஜன்ம லக்னமான ரிஷபத்துக்கே திரும்பிவிட்டது. விருச்சிகத்திலிருந்து எண்ணினால் ஏழு. தாஜிகம் விரும்பாத இடம். கன்னியிலிருந்து எண்ணினால் ஒன்பது. பாக்கிய ஸ்தானம், யாத்திரைக்கு உகந்தது என்று கொண்டாடும் இடம்! ரிஷபம் அசையவில்லை, முந்தாவும் அசையவில்லை. கணித்தவரின் கடிகாரம்தான் மூன்றேகால் மணி நேரம் தள்ளிப் போனது. காசிக்குப் போக வேண்டியவர் வீட்டில் இருந்துவிட்டாரே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

எந்த மென்பொருளானாலும் ஒரு சோதனை செய்யுங்கள். ஜன்ம ஜாதகத்தின் சூரிய ஸ்புடத்தையும் (சூரியன் நிற்கும் பாகை, கலை) ஆண்டு ஜாதகத்தின் சூரிய ஸ்புடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கலை வரை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கலை பிசகினால் நேரம் ஏறத்தாழ 25 நிமிடம் பிசகியிருக்கிறது. மாலை 6.40க்குப் போட்ட அந்தத் தாளில் சூரியன் சுமார் 8 கலை கூடுதலாக நிற்பார், பாருங்கள்.

கேள்வி: என் ஜாதகம் லாகிரி அயனாம்சத்தில் இருக்கிறது. நான் படிப்பதோ கே.பி. (கிருஷ்ணமூர்த்தி பத்ததி) முறை. ஆண்டு ஜாதகத்துக்கு அயனாம்சத்தை மாற்றலாமா? — வாசகர், ஈரோடு

பதில்: மாற்றலாம், இரண்டு ஜாதகத்துக்கும் சேர்த்து மாற்றினால். அயனாம்சம் என்பது வசந்த சம நாள் புள்ளிக்கும் நம் ராசிச் சக்கரத்தின் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளி. லாகிரி, கே.பி. இரண்டும் அதை வெவ்வேறாக எடுத்துக்கொள்கின்றன. இரண்டு அயனாம்சத்துக்கும் இடையே ஏறக்குறைய 6 கலைதான் வித்தியாசம். ஜன்ம ஜாதகம், ஆண்டு ஜாதகம் இரண்டையும் ஒரே அயனாம்சத்தில் போட்டால் அந்த 6 கலை இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகும். சூரியன் திரும்பும் நேரம் மாறாது. லாகிரியில் எழுதிய சூரிய ஸ்புடத்தைக் கையால் எடுத்து, கே.பி. அமைப்பில் உள்ள மென்பொருளில் தேடினால்தான் வினை. இரண்டரை மணி நேரம் தள்ளிப் போகும், ராசியே மாறிவிடும். எனக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி பார்க்கும் தவறு இது.

கேள்வி: பாட்டி 1944இல் கும்பகோணத்தில் பிறந்தவர். வீட்டு நோட்டில் இரண்டு நேரம் இருக்கிறது: உதயாதி நாழிகை (சூரிய உதயத்திலிருந்து எண்ணியது) ஒன்று, கடிகார மணி ஒன்று. மென்பொருளில் இரண்டும் ஒத்துப்போகவில்லையே? — வாசகர், சென்னை

பதில்: நாழிகையை நம்புங்கள். உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்திருந்தார்கள். மென்பொருள் வழக்கம்போல 5.30 என்று நேர மண்டலத்தைப் போட்டுக்கொண்டிருந்தால் 6.30 ஆக்குங்கள். அதன்பின் அன்றைய கும்பகோணச் சூரியோதயத்தோடு, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம் என்று நோட்டில் உள்ள நாழிகையைக் கூட்டிப் பாருங்கள். கடிகார மணியோடு பொருந்தி வரும். எழுதி வைத்த அந்தப் பெரியவருக்கு என் வணக்கம். நோட்டைப் பத்திரமாகப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.