வானுக்குள் ஃபைபர் இணைப்பு மேசை

கேள்வி: ஃபைபர் கேபிள் திருத்தும் வேலைக்குப் பழைய வான் ஒன்றை மாற்றியமைக்கிறோம். முக்கியமாக எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், உப்புவெளி

பதில்: முதலில் மேசை. ஆடாதபடி தரையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். கேபிள் உள்ளே வர, பக்கச் சுவரில் றப்பர் வளையமிட்ட துளை வேண்டும். கதவைத் திறந்துவைத்து இணைத்தால் கச்சான் காற்றில், இழைகளை உருக்கி ஒட்டும் கருவியான ஸ்பிளைசரின் மின்பொறி அலையும், தூசும் ஒட்டும். ஒற்றைமுறை இழையில் (ஒளி ஒரே வழியில் போகும் கண்ணாடி இழை) ஒளி போகும் நடுப்பகுதி சுமார் 9 மைக்ரோன்தான். அதனால் சிறு தூசும் இணைப்பைக் கெடுத்துவிடும். இணைப்பில் ஒளி இழப்பு 0.1 டெசிபெல்லைத் தாண்டினால் வெட்டி மறுபடி இணையுங்கள்.

வெட்டிய துண்டுகள் கண்ணுக்குப் படாத கண்ணாடி முட்கள். கறுப்பு விரிப்பும் மூடியுள்ள போத்தலும் கட்டாயம். ஸ்பிளைசருக்கு இன்வேர்ட்டரும் தனி பற்றரியும் போதும். ஜெனரேட்டரை வானுக்குள் ஒருபோதும் இயக்காதீர்கள். அதன் புகை ஆளைக் கொல்லும்.