41 மோல் எங்கிருந்து வந்தது?

5 லிட்டர் கலன், 27 டிகிரி செல்சியஸ், 202.6 கிலோபாஸ்கல் அழுத்தத்துல ஆக்சிஜன்; அது எத்தனை மோல் (பொருளோட அளவுக்கான அலகு)னு கேட்டிருந்தீங்க. சூத்திரம்: மோல் = அழுத்தம் × கனஅளவு ÷ (வாயு மாறிலி R × கெல்வின் வெப்பநிலை). புத்தகத்துல விடை 0.406 மோல், உங்களுக்கு 41.1 வருது, அதானே? கெல்வினுக்கு மாத்தினது சரி, 300தான். கோட்டை விட்டது வாயு மாறிலியில. நீங்க போட்ட 0.0821, அழுத்தம் அட்மாஸ்பியர்ல இருந்தா மட்டும்தான் செல்லும். கிலோபாஸ்கலும் லிட்டரும்னா 8.314.

இப்போ போடுங்க: 202.6 × 5 = 1013. அதை 8.314 × 300 ஆல வகுத்தா 0.406. இல்லன்னா அழுத்தத்தை 101.325 ஆல வகுத்து 2 அட்மாஸ்பியர்னு ஆக்கிட்டு, உங்க 0.0821ஐயே வச்சுக்கலாம்.

41 மோல்னா 1.3 கிலோ ஆக்சிஜன். அந்த அழுத்தத்துல 5 லிட்டருக்குள்ள எப்படிங்க அடங்கும்? அங்கேயே சந்தேகம் வந்திருக்கணும். (நானும் பரீட்சையில இதே இடத்துல மார்க்கை விட்டவன்தான்.)