கொரியாவில் எந்த வாத்தியார் நிம்மதியாக இருக்கிறார்?

கேள்வி: தென்கொரியாவில் ஆங்கிலம் சொல்லித்தரும் வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு எந்த மாதிரிப் பள்ளி மனநிறைவு தருகிறது? – வாசகர், திருச்சி

பதில்: ஹாக்வொன் எனப்படும் தனியார் டியூஷன் சென்டர்களில் எல்லாமே முதலாளியின் குணத்தைப் பொறுத்ததுதான். பள்ளி விட்ட பிறகுதான் பிள்ளைகள் வருவார்கள் என்பதால் வேலை பெரும்பாலும் மதியம் தொடங்கி இரவு வரை இழுக்கும் (சியோலில் 10 மணிக்கு மூடியாக வேண்டும் என்று விதியே உண்டு), ஒரு வருஷம் முடிந்தால் பணிக்கொடை தர வேண்டுமே என்று 11-வது மாதத்தில் கழற்றிவிடுகிற ஆசாமிகளும் இருக்கிறார்கள். வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை வேலைக்கு எடுக்க 1995-இல் தொடங்கிய எபிக் (EPIK) என்ற அரசுத் திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளிக்குப் போனால் சம்பளம் தேதி தவறாது, வாரம் 22 மணி நேர வகுப்பு, சரி. ஆனால் கூட நின்று பாடம் எடுக்கும் கொரிய ஆசிரியரோடு ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு வகுப்பும் இழுபறிதான். அப்புறம், லீவில் பிள்ளைகளே இல்லாத பள்ளியில் ஹீட்டர் பக்கத்தில் சும்மா நாற்காலியைத் தேய்க்க வேண்டும். சிலருக்கு அதுவே சொர்க்கம்! பல்கலைக்கழகம்தான் சொகுசு, வகுப்பு குறைவு, விடுமுறை நீளம். ஆனால் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்பார்கள், இடமும் லேசில் காலியாகாது.