பேரிடர்ப் பயிற்சிக்குப் போவதற்கு முன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பருவமழை நெருங்கினாலே கருத்தரங்கு, ஒருநாள் பயிற்சி என்று அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். எதற்குப் போவது, எதை விடுவது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பல வருடமாகப் பயிற்சி நடத்துகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேடம், வேளச்சேரியில் எங்கள் அப்பார்ட்மெண்டில் 84 வீடுகள். சங்கத்திலிருந்து இரண்டு பேரை மாநாட்டுக்கு அனுப்பலாமா?

அந்தப் பணத்தில் உங்கள் மொட்டை மாடியிலேயே ஒரு ஒத்திகை நடத்துங்கள் சார். பெரிய செலவே இல்லை. எல்லாரும் உட்கார்ந்து ஒரு நிலைமையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: இரவு இரண்டு மணி, கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, பேஸ்மெண்டில் தண்ணீர் ஏறுகிறது, மூன்றாம் மாடியில் ஆக்சிஜன் மெஷினை நம்பி ஒரு பெரியவர் இருக்கிறார். இப்போது யார் என்ன செய்வது? நான் நடத்திய இடங்களில் பெரும்பாலும் முதல் பத்து நிமிஷத்திலேயே பேச்சு நின்றுவிடும், ஏனென்றால் மீட்டர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டரும் மோட்டாரும் பேஸ்மெண்டில்தான் இருக்கின்றன என்பதும் அப்போதுதான் உறைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் பகுதி பட்ட பாடு உங்களுக்கே தெரியும். டயாலிசிஸ் செய்கிறவர்கள், கர்ப்பிணிகள், தனியாக இருக்கும் முதியவர்கள் பட்டியலைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், செல்போனில் மட்டும் வைத்தால் சார்ஜ் போனதும் அதுவும் போய்விடும். மாநகராட்சியின் 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 இரண்டையும் படிக்கட்டுச் சுவரில் பெரிதாக எழுதிவிடுங்கள்.

அக்கா, நான் என்.எஸ்.எஸ். மாணவன். ஆப்த மித்ரா பயிற்சியில் சேரலாமா?

வாய்ப்புக் கிடைத்தால் கட்டாயம் சேர் தம்பி. பேரிடரில் உதவத் தன்னார்வலர்களைத் தயார் செய்ய தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கொண்டுவந்த திட்டம் அது, 18 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு 12 நாள் பயிற்சியாகத் தொடங்கியது. முதலுதவி, வெள்ள மீட்பு, தேடுதல் எல்லாவற்றையும் கையால் செய்து பழகலாம். எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்று கலெக்டர் அலுவலகத்தில் பேரிடர் பிரிவில் கேள். அதற்கு முன்னால் ஒன்று, நீச்சலை இப்போதே கற்றுக்கொள். ஆனால் நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் ஓடும் வெள்ளத்தில் குதித்துவிடாதே. கரையில் நின்று கயிற்றில் கட்டிய காலி கேனை வீசினாலே ஓர் உயிரைக் காப்பாற்றலாம், அதற்குக் குறி பார்த்து வீசிப் பழகியிருக்க வேண்டும்.

நான் நர்ஸ். பேரிடர் மருத்துவ மாநாட்டுக்குக் கட்டணம் கட்டிப் போவது பிரயோஜனமா?

நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். டிரையாஜ், அதாவது யாருக்கு முதலில் சிகிச்சை என்று காயம்பட்டவர்களைப் பிரிக்கும் ஒத்திகை இருந்தால் போங்கள், வெறும் ஸ்லைடு என்றால் வேண்டாம். நடக்க முடிந்தவர்களுக்குப் பச்சை அட்டை, மூச்சுப்பாதையைத் திறந்தும் மூச்சு வராதவர்களுக்குக் கருப்பு, நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு. இதைப் படித்து மனப்பாடம் செய்ய ஐந்து நிமிஷம் போதும். ஆனால் இருபது பேர் ஒரே நேரத்தில் அலறும்போது, சத்தமே போடாமல் கிடப்பவரிடம் முதலில் போகக் கால் வர வேண்டுமே, அது பழகினால்தான் வரும்.

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். 2015-ல் எங்கள் மீனவர்கள்தான் படகோடு வந்து ஜனங்களை மீட்டார்கள். கருத்தரங்குகளில் எங்களை யாரும் பேசக் கூப்பிடுவதில்லை, ஏன்?

அண்ணே, உங்கள் கோபம் நியாயமானது, எனக்கும் அதே வருத்தம்தான். தெருவில் தண்ணீருக்கடியில் காம்பவுண்டு சுவரும் பைக்கும் மூழ்கிக் கிடக்கும், அங்கே என்ஜினைத் தூக்கி வைத்துவிட்டு எந்த இடத்தில் கழி ஊன்றித் தள்ளுவது, பயந்தவர்களை எப்படி ஏற்றினால் படகு சாயாது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நான் நடத்தும் பயிற்சிகளில் ஒரு மணி நேரத்தை மீனவர்களுக்கென்றே ஒதுக்குகிறேன், அந்த நாளுக்கான கூலியையும் கொடுத்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். மற்றவர்களும் கூப்பிடட்டும்.

எங்கள் ஆபீஸில் 60 பேருக்கு ஒரு நாளில் சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) சொல்லிக் கொடுக்க முடியுமா?

அழுத்திப் பழகும் பொம்மை எத்தனை கொண்டுவருவார்கள் என்று முதலில் கேளுங்கள். ஒன்றுதான் என்றால் வேண்டாம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இரண்டு நிமிஷத்தில் கை தளர்ந்துவிடும், அதை ஒவ்வொருவரும் தானே உணர வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நிவாரண முகாம் நடத்த எங்கள் குழு தயாராகிறது. என்ன கணக்கு வைத்துக்கொள்வது?

உலக அளவில் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர் இடம், ஒரு நாளைக்குப் பதினைந்து லிட்டர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு கழிவறை. இந்தக் கணக்குப்படி உங்கள் பள்ளியில் எத்தனை பேர் தங்க முடியும் என்று இப்போதே டேப் வைத்து அளந்துவிடுங்கள். அப்புறம், பெண்கள் கழிவறைக் கதவில் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்று இருட்டிய பிறகு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.