ஏதென்ஸுக்குக் கீழே மெல்பர்ன்

கேள்வி: நான் எம்.ஏ. பொருளியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். பதினாறு நகரங்களில் கல்லூரி மாணவர்களை நாலு நாலு பேராகச் சேர்த்து நடத்திய ஒரு சோதனையின் இரண்டு வரைபடங்களைக் கொடுத்து, விளக்கம் எழுதி வரச் சொன்னார்கள். முதல் படத்தில் எல்லாக் கோடும் கீழே இறங்குகிறது. இரண்டாவதில் சில நகரங்கள் மேலே போகின்றன, சில அப்படியே கிடக்கின்றன. 'மனிதர்கள் போகப் போகச் சுயநலமாகிறார்கள், அதிலும் ஏதென்ஸ்காரர்களுக்கு ஒத்துழைக்கவே தெரியாது' என்று எழுதினேன். 'படத்தில் இருப்பதை எழுது, உன் மனசில் இருப்பதை அல்ல' என்று மேடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உண்மையில் அந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்கு எங்கள் ப்ராஜெக்ட் குழுதான் ஞாபகம் வருகிறது. நாலு பேரில் இரண்டு பேர்தான் வேலை செய்கிறோம். நான் எழுதியதில் என்ன தப்பு? (படங்களின் போட்டோவும், தாளில் நான் வரைந்த நகலும் இணைத்திருக்கிறேன்.)
— பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் உங்கள் மேடம் பக்கம்தான். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்ததும் உங்கள் குழு ஞாபகம் வந்தது என்றீர்களே, அது நல்ல அறிகுறி. அதை வைத்தே படத்தைச் சரியாகப் படித்துவிடலாம்.

நீங்கள் அனுப்பியது 2008-இல் 'சயின்ஸ்' இதழில் ஹெர்மன், தோனி, கெக்டர் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வின் படம். விளையாட்டு எப்படி என்று முதலில் பார்த்துவிடுவோம். அதை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் பார்ப்பதுதான் பாதிப் பேர் செய்யும் தப்பு.

நாலு பேர் கொண்ட குழு. ஒவ்வொருவர் கையிலும் 20 டோக்கன். எவ்வளவு வேண்டுமானாலும் பொதுவில் போடலாம், மீதியைத் தானே வைத்துக்கொள்ளலாம். பொதுவில் விழும் ஒவ்வொரு டோக்கனுக்கும் நாலு பேருக்கும் தலைக்கு 0.4 கிடைக்கும், போட்டவர் யார் போடாதவர் யார் என்ற கணக்கே கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேரும் முழுசாகப் போட்டால் 80 டோக்கன், ஆளுக்கு 32. யாருமே போடாவிட்டால் ஆளுக்கு அதே 20. மூன்று பேர் முழுசாகப் போட, ஒருவர் மட்டும் கையை மடக்கிக்கொண்டால் அந்த ஒருவருக்கு 44, போட்ட மூவருக்கும் 24. ஓ.பி. அடிப்பவருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது என்று இந்த நாலு எண்ணிலேயே தெரிந்துவிடும். உங்கள் ப்ராஜெக்டில் மதிப்பெண் நாலு பேருக்கும் ஒன்றாகத்தானே விழுகிறது?

இதை அதே நாலு பேர் பத்துச் சுற்று ஆடுகிறார்கள். எல்லாம் கம்ப்யூட்டர் வழியாக. யாரோடு ஆடுகிறோம் என்று தெரியாது, பேசவும் வழியில்லை. முதல் படம் இந்தப் பத்துச் சுற்று. படுக்கை அச்சில் சுற்று, செங்குத்து அச்சில் அந்த நகரத்தின் சராசரிப் பங்களிப்பு.

சரி, கோடு இறங்குகிறது. அதிலிருந்து 'சுயநலமாகிறார்கள்' என்று வரும் முன் ஒரு காகிதத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு குழுவில் ஒருவர் எப்போதும் 0 போடுகிறார். மற்ற மூவரும் நல்ல பிள்ளைகள், அவர்களுக்கு ஒரே ஒரு விதி: போன சுற்றில் குழுவின் சராசரி எவ்வளவோ, இந்தச் சுற்றில் அவ்வளவு போடுவது. முதல் சுற்றில் மூவரும் 16 போடுகிறார்கள். சராசரி 12. அடுத்த சுற்றில் ஆளுக்கு 12, சராசரி 9. அதற்கடுத்து ஆளுக்கு 9, சராசரி ஏழுக்குக் கொஞ்சம் கீழே. நாலாவது சுற்றில் 5 சொச்சம். கோடு சரசரவென்று இறங்கிவிட்டது. இதில் யாருடைய குணம் மாறியது? ஒருவருடையதும் இல்லை. முதல் சுற்றில் எப்படிப்பட்டவர்களோ நாலாவது சுற்றிலும் அப்படியேதான் இருக்கிறார்கள்.

இது நான் உட்கார்ந்து கட்டிய கதை இல்லை. 2001-இல் ஃபிஷ்பாகர், கெக்டர், ஃபேர் மூவரும் சூரிச்சில் 44 மாணவர்களிடம் வேறு விதமாகக் கேட்டார்கள்: 'மற்றவர்கள் சராசரியாக இவ்வளவு போட்டால் நீ எவ்வளவு போடுவாய்?' 0-இலிருந்து 20 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் எழுத வேண்டும். ஏறக்குறையப் பாதிப் பேர் 'அவர்கள் கூட்டினால் நானும் கூட்டுவேன்' வகை. சுமார் 30 சதவீதம் பேர் யார் என்ன போட்டாலும் சுழியம். அந்த 'நானும் கூட்டுவேன்' வகையிலும் பெரும்பாலோர் சரிக்குச் சரி போடவில்லை என்பதுதான் சுவாரசியம். மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைத்தே போட நினைத்தார்கள். நம் ஊர் மொய் நோட்டும் இதே 'நீ செய்தால் நான் செய்வேன்' கணக்குத்தான், ஆனால் நாம் வாங்கியதற்குமேல் கொஞ்சம் கூட்டி வைப்போம். கொஞ்சம் குறைத்து வைக்கும் மொய் நோட்டைப் பத்துக் கல்யாணம் ஓட்டிப் பாருங்கள், உங்கள் முதல் படம் வந்துவிடும்.

ஆகவே 'சராசரிப் பங்களிப்பு எல்லா நகரங்களிலும் சுற்றுக்குச் சுற்றுக் குறைகிறது' என்று எழுதுங்கள். அதுவரை படம் சொல்கிறது. ஏன் குறைகிறது என்பது படத்தில் கிடையாது. அதற்கு ஒவ்வொருவர் போட்ட எண்ணும் வேண்டும். சராசரி 10 என்றால் எல்லோரும் பத்துப் பத்துப் போட்டிருக்கலாம், பாதிப் பேர் 20 போட்டு மீதிப் பேர் சும்மா இருந்திருக்கலாம். உங்கள் ப்ராஜெக்ட் குழுவின் 'சராசரி உழைப்பு' என்று ஒரு புள்ளி வைத்தால் அதில் நீங்களும் தெரிய மாட்டீர்கள், அந்த இரண்டு பேரும் தெரிய மாட்டார்கள்.

இப்போது ஏதென்ஸ். இங்கேதான் நீங்கள் நிஜமாகவே வழுக்கிவிட்டீர்கள். முதல் படத்தின் பத்துச் சுற்றுக்கும் சேர்த்த சராசரியைப் பாருங்கள். ஏதென்ஸ் 6.4. அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது மெல்பர்ன், 4.9. 'மெல்பர்ன்காரர்களுக்கு ஒத்துழைக்கத் தெரியாது' என்று ஏன் எழுதவில்லை? இரண்டாவது படத்தை முதலிலேயே பார்த்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்த எண்ணத்தோடு திரும்பி வந்து முதல் படத்தைப் படித்திருக்கிறீர்கள். எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன்.

இரண்டாவது படம் அதற்கடுத்து ஆடிய பத்துச் சுற்று. இதில் விதி மாறுகிறது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் யார் எவ்வளவு போட்டார் என்று நாலு பேருக்கும் முன்பே தெரியும், இப்போது பிடிக்காதவருக்கு அபராதமும் போடலாம். நான் ஒரு டோக்கன் செலவழித்தால் அவர் மூன்று டோக்கன் இழப்பார். யார் போட்ட அபராதம் என்று அவருக்குத் தெரியாது. இந்த ஒரு விதியில் பாஸ்டன் 9.3-இலிருந்து 18-க்கு ஏறியது. அடிமட்டத்தில் கிடந்த மெல்பர்ன் 14.1-க்கு வந்துவிட்டது. ஏதென்ஸ் 5.7, அதாவது இருந்த இடத்தைவிடச் சற்றுக் கீழே. மஸ்கட்டையும் பாருங்கள். முதல் படத்தில் பாஸ்டனுக்கு ஒரு நூல் மேலே 10-இல் இருந்தது, இரண்டாவதிலும் ஏறக்குறைய அங்கேயே நிற்கிறது.

அபராதம் ஏன் அங்கே வேலை செய்யவில்லை? அந்த ஆய்வின் சாரமே இதுதான். எல்லா ஊரிலும் கம்மியாகப் போட்டவருக்கு அபராதம் விழுந்தது. மஸ்கட், ஏதென்ஸ் போன்ற இடங்களில் அதிகமாகப் போட்டவருக்கும் சேர்த்து விழுந்தது. 'நீ ரொம்ப நல்லவனா?' என்கிற அடி. போன சுற்றில் அடி வாங்கியவர், யார் அடித்தது என்று தெரியாமல், 'நிறையப் போடுகிற இவன்தான் அடித்திருப்பான்' என்று திருப்பி அடித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. முழுசாகப் போட்டாலும் அடி விழும் என்றால் யார்தான் கூட்டிப் போடுவார்? இதெல்லாம் வேறொரு படத்தில், அபராதத்தைப் பிரித்துக் காட்டும் பட்டைகளில் இருக்கிறது. உங்களிடம் இருக்கும் இரண்டு படங்களை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. மேடத்திடம் அந்த மூன்றாவது படத்தைக் கேளுங்கள், அவரிடம் இருக்கும்.

இன்னொன்று, ஊர்ப் பெயரைப் பார்த்ததும் நாட்டையே எடைபோடாதீர்கள். 'ஏதென்ஸ்' என்று எழுதியிருக்கும் கோடு 44 மாணவர்கள். நாலு பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறுகிற விளையாட்டு என்பதால் எண்ண வேண்டியது ஆளை அல்ல, குழுவை. அப்படியானால் 11 குழு. மெல்பர்னில் 40 பேர், 10 குழு. ரஷ்யாவின் சமாராவில் 152 பேர், 38 குழு. படத்தில் எல்லாக் கோடும் ஒரே தடிமன். பத்துக் குழுவில் இரண்டு குழு கோணலாகப் போனால் கோடு எவ்வளவு ஆடும், 38-இல் இரண்டு போனால் எவ்வளவு ஆடும் என்று நினைத்துப் பாருங்கள். மொத்தமே 1,120 பேர்தான், எல்லோரும் கல்லூரி மாணவர்கள். (இந்திய நகரம் ஒன்றுகூட அதில் இல்லை. 'நம்ம ஊராக இருந்தால்' என்று தாளின் கடைசியில் ஒரு பத்தி எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.)

பத்தாவது சுற்றுக்கும் பதினொன்றாவது சுற்றுக்கும் இடையே கோடு குதிக்கும் இடத்தில் ஜாக்கிரதை. அந்தக் குதிப்பு முழுவதையும் அபராதத்தின் கணக்கில் எழுதாதீர்கள். 1988-இல் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி ஒரு சின்ன வேலை செய்தார். விளையாட்டை நடுவில் நிறுத்தி, விதி எதையும் மாற்றாமல், மறுபடி முதலிலிருந்து ஆடலாம் என்றார். சரிந்து கிடந்த பங்களிப்பு மறுபடி எழுந்தது. 'சரி, புதுசா ஆரம்பிப்போம்' என்பதற்கே ஒரு தெம்பு இருக்கிறது. அபராதத்தின் வேலை தெரிய வேண்டுமென்றால் குதிப்புக்குப் பிறகு கோடு நிற்கிறதா, சரிகிறதா என்று பாருங்கள். பாஸ்டனில் நிற்கிறது.

மற்றபடி, பங்களிப்பு கூடினால் எல்லோரும் பணக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்றும் எழுத வேண்டாம். அபராதம் போடவும் செலவு, வாங்கவும் செலவு, அது இந்த அச்சில் வராது.

உங்கள் ப்ராஜெக்ட் குழுவுக்கு வருகிறேன். அந்த மாணவர்களுக்கு இல்லாத ஒன்று உங்களுக்கு இருக்கிறது, நீங்கள் பேசலாம். 1990-களின் தொடக்கத்தில் எலினார் ஆஸ்ட்ரமும் அவருடைய சகாக்களும் இதுபோன்ற, ஒரே வளத்தை எல்லோரும் பங்கிட்டு எடுக்கும் பொதுவளச் சோதனை ஒன்றில் ஆட்களை நேருக்கு நேர் பேசவிட்டார்கள். தண்டனை எதுவும் இல்லாமலே ஒத்துழைப்பு நன்றாகக் கூடியது. அதனால் மேடத்திடம் போட்டுக் கொடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பேரும் 'என்ன செய்தாலும் சுழியம்' வகையா, இல்லை 'அவர்கள்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார்களே' என்று ஒதுங்கியவர்களா என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. ஒரு டீக்கடையில் நாலு பேரும் உட்கார்ந்து, யாருக்கு எந்தப் பகுதி, எந்தத் தேதி என்று பேசி, அங்கேயே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். பழைய கணக்கைக் கிளறாமல் 'புதுசா ஆரம்பிப்போம்' என்று சொல்லியே தொடங்கலாம், ஆண்ட்ரியோனி புண்ணியத்தில். இரண்டாவது தேதியும் தவறினால் அவர் முதல் வகை. அப்போது மேடத்திடம் போவதில் தப்பில்லை.

தாளைத் திரும்பக் கொடுக்கும்போது செங்குத்து அச்சுக்குத் தலைப்பு எழுத மறக்காதீர்கள். நீங்கள் வரைந்து அனுப்பிய நகலில் அது இல்லை. 0-இலிருந்து 20 வரை அளவும் போடுங்கள். நீங்கள் 4-இல் தொடங்கியிருக்கிறீர்கள், அதனால்தான் ஏதென்ஸ் தரையில் கிடப்பதுபோல் தெரிகிறது.